சுவரில் இல்லாத ஒன்பதாவது விதி

எண்ணூர் நெடுஞ்சாலையில் நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய தொழிற்சாலையில், வரைபடப் பிரிவின் நடுவே ஒரு கண்ணாடி அறை உண்டு. அதற்குள் பெரிய அச்சு இயந்திரம் ஒன்று இருக்கிறது. பிளாட்டர் என்பார்கள். துணிக்கடையில் துணியைச் சுருட்டி வைப்பதுபோல் தாள் உருளையாக அதன் முதுகில் ஏறியிருக்கும். இரண்டு முழ அகலத்தில் வரைபடம் முன்பக்கமாக இறங்கி வரும். மூன்று பிரிவுகளுக்கும், நாற்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கும் அது ஒன்றே பொது. அதைப் பதினான்கு ஆண்டுகள் காத்தவன் நான்.

சென்ற மாதம் கவிதா என் வீட்டுக்கு வந்தார். நான் அமர்ந்திருந்த நாற்காலியில் இப்போது அமர்ந்திருப்பவர். அந்த இயந்திரத்தை அகற்றப் போகிறார்களாம். பட்டறையில் மேஜைக்கு ஒரு டேப்லெட் வைத்து, வரைபடத்தை அதிலேயே பார்த்துக்கொள்ள ஏற்பாடாம். அதையொட்டி ஊழியர்களுக்காக ஒரு மலர் கொண்டுவருகிறார்கள்.

“உங்க எட்டு ரூலும் இன்னும் சுவத்துல அப்படியே இருக்கு சார். வேஸ்டை எப்படிக் குறைச்சீங்கன்னு நாலு பக்கம் எழுதிக் கொடுங்க, போதும்” என்றார். எழுந்து செருப்பை மாட்டிக்கொள்ளும்போது, “எட்டாவதுக்குக் கீழே கொஞ்சம் இடம் காலியா இருக்கே, அங்க என்ன சார் இருந்தது?” என்றும் கேட்டார்.

அங்கே ஒன்பதாவது விதி இருந்தது. அதை எழுதியதும் நான். பிளேடால் சுரண்டி எடுத்ததும் நான். அந்த விதியால் ஒரு மனிதரின் பிழைப்பு போயிற்று. அதைச் சொல்லாமல் மற்ற எட்டையும் சொல்வது எனக்கு இனி முடியாது. ஆகவே கவிதா கேட்டதையும் எழுதுகிறேன், கேட்காததையும் எழுதுகிறேன்.

தொழில் கற்ற கதை சுருக்கமானது. பயிற்சி நிலையத்தில் இரண்டு ஆண்டுகள், அம்மோனியா நெடியில் கண் எரிய வரைபடங்களுக்கு நீல அச்சுப் பிரதி எடுத்தது ஏழெட்டு ஆண்டுகள், பிறகு கணினி. கையால் கோடு இழுத்தவர்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். என்னை இயந்திரத்துக்குக் காவலாக நிறுத்தினார்கள். அவ்வளவே.

தொழிலைவிட எனக்கு அதிகம் கற்பித்தது வேறொன்று. இளமையில் திருவொற்றியூர்க் கோயிலில் ஓதுவார் ஒருவரிடம் பதிகம் பயின்றேன். அவர் இசையைக்காட்டிலும் யாப்பில் கண்டிப்பானவர். ஓரசை மிகுந்தாலும் தளை தட்டும். மிகையான ஒரு சொல்லோடு இறைவன் திருமுன் நிற்காதே என்பார். அந்தப் பாடம் என் எலும்பில் இறங்கிவிட்டது. சோற்றில் ஒரு பருக்கை, குழாயில் ஒரு சொட்டு, தாளில் ஒரு சாண், எது வீணானாலும் என்னால் பொறுக்க முடியாமல் போயிற்று. அதைப் பக்தி என்றே நான் எண்ணியிருந்தேன்.

பொதுப் பொருளுக்குச் சொந்தக்காரர் இல்லை. பிளாட்டர் வந்த புதிதில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். குழாய்ப் பிரிவிலிருந்து ஒருவர் வரைபடம் அனுப்புவார். இயந்திரத்தில் வேறொருவரின் நீண்ட வேலை ஓடிக்கொண்டிருக்கும். தம்முடையது வரவில்லை என்று மறுபடி அனுப்புவார். மூன்றாம் முறையும் அனுப்பிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார். திரும்பி வரும்போது மூன்று பிரதிகள் தரையில் கிடக்கும். ஒன்றை எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டின்மேல் நடந்து போவார். அளவு விகிதம் பார்க்காமல் அனுப்பி, ஆள் படுக்கும் தாளின் மூலையில் அஞ்சலட்டை அளவுக்குப் படம் வந்ததும் உண்டு. கணினித் திரையின் கறுப்புப் பின்னணியோடே அனுப்பித் தாள் முழுவதும் மை குடித்து நனைந்து தொய்ந்ததும் உண்டு. கேட்க ஆளில்லாமல் வந்து விழுந்தவை தனிக் குவியல்.

எழுத்து உள்ள தாள் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது என் வழக்கம். இங்கே தரையெல்லாம் எழுத்து. ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றி அடுக்குவேன். சாமி பிளான் பேப்பருக்கே சூடம் காட்டுவார் என்று பின்னால் சிரித்தார்கள். நெற்றியில் திருநீறு இருந்ததால் என் பெயர் அங்கே சாமி. அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

வரைபடப் பிரிவின் தலைவர் தங்கதுரை. தெற்கிலிருந்து வந்து இராயபுரத்தில் மளிகை மொத்தக் கடை வைத்த குடும்பம். பொட்டலம் மடிக்கும் தாளில் ஒரு துண்டைக்கூடத் தகப்பனார் எறிய விடமாட்டார் என்று சொல்லியிருக்கிறார். குரல் உயர்த்தி அவர் பேசி யாரும் கேட்டதில்லை. குப்பைச் சாக்கிலிருந்து கசங்கிய வரைபடத்தை எடுப்பார். மேஜையில் விரித்து, உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவுவார். சுருக்கமெல்லாம் போனபின் எட்டாக மடித்து, அதை அனுப்பியவரின் மேஜையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவார். திட்டு வாங்கியிருந்தால் மறந்திருப்பார்கள். அந்த மடித்த தாளை யாராலும் மறக்க முடியாது.

ஒருநாள் அப்படி ஒரு தாளை என் மேஜையில் வைத்து, இம்முறை வாய் திறந்தார். “என்னவே, சாமின்னு பேரு வச்சுக்கிட்டு இத்தனை பாவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கீரு? ஒரு வழி பண்ணும்.”

வழி பண்ணினேன். முதலில், அனுப்பிய வரைபடம் தானாக அச்சாகாதபடி நிறுத்தி வைக்கச் செய்தேன். அனுப்பியவர் எழுந்து நடந்து வந்து, இயந்திரத்தின் முன் நின்று, தம் எண்ணை அழுத்தினால்தான் தாள் அசையும். இந்த ஒன்றிலேயே குவியல் பாதியாகக் குறைந்தது. நடந்து வந்து வாங்கும் அளவுக்குத் தேவையில்லாதவையே அங்கே பெரும்பாலானவை. அனுப்புமுன் திரையில் முன்தோற்றம் பார்த்தே ஆகவேண்டும் என்றேன். பெரிய தாளில் கேட்பதற்குமுன் சிறிய தாளில் ஒன்று எடுத்துப் பிழை பார்க்க வேண்டும். பிழை இல்லாத வரைபடத்தை நான் பார்த்ததே இல்லை. நெடுக்காக வருவதைக் குறுக்காகத் திருப்பினால் முழக் கணக்கில் தாள் மிஞ்சும். அதே விதியில், சிறிய படங்கள் இரண்டை அருகருகே வைத்து ஒரே அகலத்தில் எடுக்கலாம். கறுப்பு நிரப்பல் கூடாது. சரிபார்ப்புக்கு மட்டும் எடுப்பதை மை குறைந்த வெளிர் அச்சில்தான் எடுக்க வேண்டும். உருளையைக் கழற்றும்போது மிச்சம் எத்தனை அடி என்று அதன் அட்டைக் குழலில் பென்சிலால் குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் நீண்ட படம் பாதியில் தாள் தீர்ந்து நின்றுபோகும், அவ்வளவும் குப்பை.

இவற்றுக்கு நடுவே ஆறாவதாக ஒன்று வைத்தேன். ஒவ்வொரு பிரதியின் மூலையிலும் அனுப்பியவர் பெயர் அச்சாக வேண்டும். பதிகத்தின் கடைசிப் பாட்டில் பாடியவர் தம் பெயரையும் ஊரையும் வைப்பது மரபு. பாடியதற்குப் பொறுப்பேற்கும் வழி அது. பெயர் விழும் என்றதும் நாற்பது பேருக்கும் கை அடங்கிற்று.

எட்டும் பலித்தன. இன்றைக்கும் எங்கே பொது பிளாட்டர் இருந்தாலும் இவற்றைத் தயங்காமல் கைக்கொள்ளலாம். இதோடு நான் நின்றிருக்க வேண்டும்.

நிற்கவில்லை. அவ்வளவு குறைத்தபின்னும் நாள்தோறும் சில தாள்கள் வீணாயின. திருத்தம் வந்து பழையதாகிப்போன வரைபடங்கள் அவை. ஒருபக்கம் எழுத்து, மறுபக்கம் பால்போல் வெள்ளை. அந்த வெள்ளை என்னை உறுத்தியது. ஒன்பதாவது விதி எழுதினேன்: சரிபார்ப்புப் பிரதிகள் அனைத்தும் பழைய தாளின் பின்பக்கத்திலேயே எடுக்கப்படும்.

அதற்கென்று ஒரு முறை வகுத்தேன். பழைய பக்கத்தில் மூலைக்கு மூலை சிவப்புப் பேனாவால் குறுக்குக்கோடு, நடுவில் ‘ரத்து’. பிறகு தாளை இரண்டு மணி நேரம் இரும்புச் சட்டத்தின் கீழ் வைத்துச் சமனாக்குதல். பிறகு ஒவ்வொன்றாகக் கையால் இயந்திரத்துக்கு ஊட்டுதல். அந்தத் தாள் கண்ணாடி அறையையும் வரைபடப் பிரிவையும் விட்டு வெளியே போகக் கூடாது.

முதலில் சிவப்புக் கோடு மறுபக்கம் ஊறித் தெரிகிறது, அளவு படிக்க முடியவில்லை என்று முணுமுணுத்தார்கள். தாள் பயன்படாமல் போய்விடுமே என்று கோடு போடுவதை நிறுத்தினேன். அதற்குப் பதில் மேல் மூலையில் ஒரு சிறிய ரப்பர் முத்திரை. பிறகு, ஒட்டுத்தாள் ஒட்டிக் கிழித்த மூலைகள் இயந்திரத்தில் சிக்கின. மூலையைக் கத்தரித்து ஓரத்தைச் சமனாக்கி ஊட்டினேன். கத்தரித்த மூலையோடு சில தாள்களில் முத்திரையும் போயிற்று. எனக்கு அது தெரியும். உள்ளே மட்டும் புழங்கும் தாள்தானே என்று இருந்துவிட்டேன். மாதக் கடைசியில் மிச்சப்பட்ட தாளை அடுக்கி வைத்துப் பார்க்கும் மகிழ்ச்சி, திருமுன் நின்று ஓதி முடித்த மகிழ்ச்சிக்குச் சமமாக இருந்தது.

இனி எத்திராசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் பட்டறையில் மார்க்கர். தகட்டின்மேல் வரைபடத்தைப் பார்த்து நூல் பிடித்து, சுண்ணக்கோடு போட்டு, துளை விழவேண்டிய இடத்தில் உளிமுனையால் ஒரு புள்ளி குத்துவது மார்க்கரின் வேலை. துளையிடுகிறவன் வரைபடத்தைப் பார்ப்பதில்லை. புள்ளியை மட்டுமே பார்ப்பான். எத்திராசு குத்திய புள்ளியில் துளை விழுந்தால் போல்ட்டைச் சுத்தியலால் அடிக்க வேண்டியதில்லை, கையால் இறங்கும் என்பார்கள். முகத்துவாரக்குப்பத்தில் கடலுக்குப் போகும் குடும்பம். கழிமுகத்தில் மீன் அற்றுப்போனதும் பட்டறைக்கு வந்தவர்; ஒப்பந்தத் தொழிலாளி. என்னைவிட மூன்று நான்கு வயதுதான் இளையவர். அன்று நான் அவரை ஒருமையில்தான் அழைத்தேன். அவரும் என்னை ஒருமையில்தான் அழைத்தார். அவர் சொன்ன ‘நீ’யில் மட்டும் அன்பு இருந்தது.

துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றும் பாதைக்குத் தூண்கள் செய்துகொண்டிருந்த காலம். தூணுக்கு அடியில் வைக்கும் தடித்த தகடுகள் பன்னிரண்டு. அவற்றின் துளைகளுக்கிடையே உள்ள தூரத்தைக் கடைசி நேரத்தில் மாற்றினார்கள். ஒரு கட்டைவிரல் அகலம் கூடிற்று. புதிய வரைபடத்தின் முறையான பிரதி ஒப்பம் பெற்று வர மறுநாள் ஆகும். தகடுகளோ சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையிலிருந்து வண்டி ஏறிவிட்டன. பட்டறைக்காரர்கள் தொலைபேசியில் துளைத்தெடுத்தார்கள். தங்கதுரை என் அறைக்கு வந்து, சரிபார்ப்புப் பிரதி ஒன்றை எடுத்து இப்போதைக்குக் கீழே பட்டறைக்குக் கொடுக்கச் சொன்னார். அது வெளியே போகக் கூடாத தாள் என்றேன். “நாளைக்கு அசலு வந்துரும். வந்ததும் இதத் திரும்ப வாங்கிக்கிடும்” என்றார்.

குவியலில் மேலாக இருந்த தாளை எடுத்து ஊட்டினேன். மேலாக இருந்தது எது? அன்று காலை பழையதாகிப்போன அதே அடித்தகட்டு வரைபடம். ஒரு பக்கம் பழைய அளவு, மறுபக்கம் புதிய அளவு. பழையது கறுகறுவென்று முழு மையில். புதியது என் விதிப்படி வெளிர் அச்சில். முத்திரை இருந்த மூலை என் கத்தரியில் போயிருந்தது. எத்திராசு மேலே வந்தார். சுருட்டிக் கையில் கொடுத்தேன். பின்பக்கம் பார்க்காதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அன்று பிரதோஷம். நான்கு மணிக்குக் கிளம்ப அனுமதி வாங்கியிருந்தேன். மனம் அதற்கு முன்பே கோயிலுக்குப் போய்விட்டது.

நாலேகாலுக்குத் தகடுகள் வந்து இறங்கின. எத்திராசு தாளை விரித்தார், புரட்டினார், இரண்டு பக்கமும் படம். ஐயம் தோன்றியதும் தாளோடு மாடிப்படி ஏறி என் அறைக்கு வந்தார். அறை பூட்டியிருந்தது. தங்கதுரையும் துறைமுகத்துக்குப் போயிருந்தார். கீழே துளையிடும் ஆட்கள் காத்திருந்தார்கள். மேற்பார்வையாளர் விரட்டினார். எத்திராசு யோசித்தார். வெளுத்திருப்பது சோதனைக்கு எடுத்தது, பளிச்சென்று இருப்பது உண்மையானது. எவராயினும் அப்படித்தான் யோசிப்பார்கள். புள்ளி குத்தினார். அந்த வேளையில் நான் நந்திக்குப் பின்னால் நின்று, ஒரு சொல் மிகாமல், ஒரு சொல் குறையாமல் ஓதிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அசல் வந்தபோது துளைகள் விழுந்து முடிந்திருந்தன; யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை, நானும் அந்தத் தாளைத் திரும்ப வாங்கவில்லை. நான்கு நாள் கழித்துத் துறைமுகத்தில் தெரிந்தது. கான்கிரீட்டில் நட்டிருந்த போல்ட்டுகளில் பன்னிரண்டு தகடுகளில் ஒன்றுகூட இறங்கவில்லை. துளையை வெல்டு வைத்து அடைத்து மறுபடி போட வாடிக்கையாளர் ஒப்பவில்லை. வந்த சாத்தாங்காட்டுக்கே அவ்வளவும் பழைய இரும்பாகத் திரும்பிப் போயிற்று. நான் சாணாகவும் முழமாகவும் மிச்சம் பிடித்த தாளை எல்லாம் ஒரு தட்டில் வைத்து, அந்தப் பன்னிரண்டில் ஒரு தகட்டை மறு தட்டில் வைத்தால் தாள் தட்டு வானத்தில் நிற்கும்.

தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு ஆள் வருகிறார் என்று செய்தி வந்தது. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எத்திராசு என்னைத் தேடிக் கோயிலுக்கே வந்தார். நான் எங்கே இருப்பேன் என்று அவருக்குத் தெரியும். பிராகாரத்து மகிழ மரத்தருகே நின்றோம்.

“சாமி, நீ ஒரு வார்த்தை சொன்னா போதும். நான் கேக்கத்தான் மேல வந்தேன், ரூமு பூட்டிக்கினு இருந்துச்சு, பேப்பர்ல முத்திரை இல்ல. அவ்ளோதான். வேற ஒண்ணும் வோணாம்.”

“சொல்றேன் எத்திராசு.”

“கோயிலாண்ட நின்னு சொல்ற.”

“சொல்றேன்னா சொல்றேன்.”

அவர் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு போனார். அந்த மகிழ மரத்தின் வரலாறு எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதன் அடியில் இறைவன் சாட்சியாக ஒரு சத்தியம் செய்யப்பட்டது. சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியவருக்கு இரண்டு கண்ணும் மறைந்தன. எத்தனையோ முறை அந்தக் கதையைச் சொல்லிக் கேட்டவர்களை உருக வைத்திருக்கிறேன். எத்திராசுவிடம் ‘சொல்றேன்’ என்றபோது எந்த மரத்தடியில் நிற்கிறேன் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தே இருந்தது.

மறுநாள் காலை தங்கதுரை என்னை அழைத்தார். மேஜைமேல் கசங்கிய தாள் எதுவும் இல்லை. ஆனாலும் அவர் உள்ளங்கை மேஜையை நீவிக்கொண்டிருந்தது. “தாளைப் பத்திப் பேச்சு எடுக்க வேண்டாம். சரிபாக்குற பிரதியைக் கீழ கொடுத்ததுன்னு வந்தா நானும் போவேன், நீரும் போவீரு. நமக்கு இன்னும் கொஞ்ச வருசம் இருக்கு. அவன் ஒப்பந்தக்காரன், வேற பட்டறைல சேந்துக்கிடுவான். பாத்துக்கிடும்” என்றார். அச்சுறுத்தும் குரல் அல்ல. கருணையோடுதான் சொன்னார். அதனால்தான் எதிர்க்க வரவில்லை என்று பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. எனக்கு அந்தச் சொல் சௌகரியமாக இருந்தது.

விசாரணை கண்ணாடி அறைக்கு அடுத்த அறையில் நடந்தது. எத்திராசு அந்தத் தாளைப் பத்திரமாகச் சுருட்டி எடுத்து வந்திருந்தார். மேஜைமேல் விரித்தார்கள். “ஒண்ணு வெளுத்துக் கீது, ஒண்ணு பளிச்சுனு கீது சார். பளிச்சுனு கீறதத்தான் பாப்பேன். கேக்கலாம்னு மேல வந்தேன். வோணும்னா சாமிய கேளுங்க” என்றார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். பழைய பக்கத்தில் ரத்து என்று குறிப்பது உண்டா என்று கேட்டார்.

“முத்திரை இடுவது வழக்கம்” என்றேன்.

பொய் இல்லை. வழக்கம்தான். ஓரசை மிகாமல், ஓரசை குறையாமல் அமைந்த விடை. அறை பூட்டியிருந்ததா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வெட்டுப்பட்ட மூலையை அவர் பார்க்கவில்லை, நானும் காட்டவில்லை. தாளின் இன்னொரு மூலையில் ஆறாவது விதிப்படி என் பெயர் அச்சாகியிருந்தது. அதன்மேல் அவருடைய தேநீர்க் குவளை இருந்தது. விசாரணை முடிகிற வரைக்கும் குவளை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்திராசு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே வாயிலில் அவருடைய அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டார்கள். அவர் கத்தவில்லை. வெளியே நின்ற என்னைக் கடக்கும்போது, “நல்லா ஓது சாமி” என்று மட்டும் சொன்னார்.

வேறு பட்டறையில் சேர்ந்துகொள்வார் என்றார் தங்கதுரை. மார்க்கருக்கு இருக்கும் ஒரே சொத்து, அளவு தப்பாதவன் என்ற பெயர். எர்ணாவூர் முதல் மணலி வரை எல்லாப் பட்டறைக்கும் அவருக்கு முன்பே செய்தி போய்விட்டது. பன்னிரண்டு தகட்டைக் கெடுத்தவனா என்று கேட்டுக் கதவடைத்தார்கள். மீன் அற்றுப்போன கழிமுகத்துக்கே திரும்பிப் போனார்.

அடுத்த வாரம் தங்கதுரை என்னிடம், அந்த ஒன்பதாவதை எடுத்துவிடும் என்றார். பிளேடால் சுரண்டினேன். குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கு ஒப்பான செயல் அது. படிக்கத் தெரிந்தவர் எவரும் அந்த வெற்றிடத்தைப் படிக்கவில்லை. அந்த ஆண்டுவிழாவில் சிக்கனத்துக்காக எனக்குச் சால்வை போர்த்தி, பித்தளைக் குத்துவிளக்கு ஒன்றைப் பரிசளித்தார்கள். பட்டறையில், மார்க்கர்கள் நிற்கும் மேஜைகளை ஒதுக்கிப் போட்டு நடத்திய விழா. விளக்கை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். கைதட்டினார்கள். தங்கதுரைக்கும் அதே மேடையில் பின்னொரு நாள் மாலை விழுந்தது. நிம்மதியாக ஓய்வு பெற்றார். நானும் பெற்றேன். சத்தியத்தை மீறிய எனக்குக் கண் மறையவில்லை. எழுபதைத் தாண்டியும் ஊசியில் நூல் கோக்கிறேன். வெட்டிய மூலையும் குவளை நின்ற இடமும் அன்று தெரிந்தது போலவே தெரிகின்றன. கண்ணை விட்டு வைத்தது அருள் என்று முன்பு நினைத்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை.

இவ்வளவையும் எழுதி முடித்ததும், கவிதாவிடம் கொடுக்குமுன் எத்திராசுவுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. எண்ணூர்ப் பேருந்து ஏறி முகத்துவாரக்குப்பத்துக்குப் போனேன். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கரையில், கவிழ்த்த படகின் நிழலில் வலை கட்டிக்கொண்டிருந்தார். தலை முழுவதும் நரைத்துவிட்டது. கண்ணிக்குக் கண்ணி அவர் விரல் அளந்தே போனது.

“இன்னா சாமி, வழி தப்பி வந்துட்டியா?” என்றார். உட்காரச் சொல்லவில்லை.

நின்றபடியே முழுவதையும் படித்தேன். வலையூசி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. மகிழ மரம் வந்த இடத்தில் மட்டும் சற்று நின்று, மறுபடி ஓடியது. படித்து முடித்தேன்.

“அவ்ளோதானா?”

“அவ்வளவுதான் எத்திராசு.”

“இப்டி குடு.”

தாள்களை வாங்கினார். எழுத்து இருந்த பக்கத்தை அவர் பார்க்கவில்லை. முதல் தாளைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அடுத்ததைப் புரட்டினார். வெயிலுக்கு நேரே ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். கடைசித் தாள் வரை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, விளிம்பைத் தட்டிச் சமனாக்கி என்னிடம் நீட்டினார்.

“பின்னால ஒண்ணுமில்ல.”

“இல்லை.”

“அன்னிக்கு இப்டி குட்த்திருந்தா நான் பாட்டுக்கு வேலை செஞ்சிக்கினு இருந்திருப்பேன்.” வலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார். “எட்த்துக்கினு போய் அந்தப் பொண்ணாண்ட குடு. அல்லாரும் படிக்கட்டும். ஆனா ஒண்ணு. உன்ன மன்னிச்சிட்டேன்னு மட்டும் எய்திடாத.”

எழுதவில்லை. கவிதாவுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இந்தக் கட்டுரையை மலரில் சேர்ப்பதானால் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிடுங்கள். மறுபக்கம் வீணாகட்டும்.